கல்லில் எழுதிய வரலாறு – 17: கொன்றது எப்படி?

சென்னையின் அடிப்பாறையான சார்னோக்கைட்டைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் கேள்வி அனுப்பியிருந்தார்கள். தேனாம்பேட்டையில் மெட்ரோ ரயிலுக்காக அவ்வளவு ஆழம் தோண்டினார்களே, டைனோசார் எலும்பு ஏதும் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. கிடைக்கவில்லை, கிடைக்கவும் வழியில்லை. அண்ணா சாலைக்கு அடியில் மேலே இருப்பது ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணும். புவியியல் கணக்கில் அது நேற்றுப் படிந்தது. அதற்குக் கீழே பரங்கிமலையில் தலைகாட்டும் அதே சார்னோக்கைட் பாறை. அதன் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. டைனோசார்கள் வாழ்ந்தது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை. தேனாம்பேட்டை மண்ணில் அந்தக் காலத்துப் பக்கங்களே இல்லை.

ஆனால் அதே அண்ணா சாலையைப் பிடித்துக் கிண்டி, தாம்பரம், விழுப்புரம் என்று தெற்கே போய் அரியலூர்ப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கங்கள் கிடைத்துவிடும். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் கொடுக்கும் அந்தப் பூமி டைனோசார்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடலின் அடித்தளம். அங்கே கல்லமேடு என்ற ஊரைச் சுற்றியுள்ள படிவுகள் மட்டும் கடலில் படிந்தவை அல்ல. டைனோசார் காலத்தின் கடைசிக் கட்டத்தில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் சேறும் அவை. தமிழ்நாட்டின் டைனோசார் கதை பெரும்பாலும் இந்த ஒரு சிற்றூரைச் சுற்றியே நடக்கிறது.

ஊனுண்ணி டைனோசார்கள் இரையை எப்படிக் கொன்றன என்பது பற்றி 200 ஆண்டுகளாக அறிஞர்கள் சொல்லிவந்ததும், அதில் எது நின்றது எது விழுந்தது என்பதும் இந்த வாரக் கதை. லண்டனிலும் நியூயார்க்கிலும் நடந்ததாகவே இதைப் படித்துப் பழகிவிட்டோம். கல்லமேட்டுக்கும் அதில் பங்கு உண்டு. நம் புத்தகங்கள் அதைச் சொல்வதில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக இருக்கிறது.

1862-ல் இந்திய புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளைப் பற்றிப் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டார். இந்தப் பகுதியில் அவர் சேகரித்தவற்றில் டைனோசார் எலும்புகளும், ஊனுண்ணி ஒன்றின் பல்லும் இருந்தன. பின்னால் அந்தப் பல்லை ஆராய்ந்த ரிச்சர்ட் லைடெக்கர் அதற்கு மெகலோசாரஸ் என்று பெயர் சூட்டினார். இங்கிலாந்தில் கிடைத்த விலங்கின் பெயர் திருச்சிப் பல்லுக்கு வந்ததில் அந்தக் காலத்தில் யாருக்கும் வியப்பில்லை. விளிம்பில் ரம்பம் போன்ற அரம்பு கொண்ட பெரிய பல் உலகில் எங்கே கிடைத்தாலும் அந்த ஒரே பெயரில்தான் சேர்த்தார்கள்.

மெகலோசாரஸை 1824 பிப்ரவரியில் லண்டன் புவியியல் கழகத்தில் அறிமுகம் செய்தவர் ஆக்ஸ்போர்டின் வில்லியம் பக்லண்ட். அவர் கையில் இருந்தது பற்களோடு கூடிய ஒரு தாடைத் துண்டும் சில எலும்புகளும்தான். பல்லைக் கூர்ந்து பார்த்து, கத்தி, வாள், ரம்பம் மூன்றின் வேலையையும் அது சேர்த்துச் செய்யும் என்று விளக்கினார். பல்லைப் பற்றி அவர் சொன்னது இன்றைக்கும் பிசகவில்லை. அந்தப் பல்லுக்குப் பின்னால் பொருத்திய உடம்புதான் பிசகியது. நாற்பதடி நீளமுள்ள பெரும்பல்லி என்று கற்பனை செய்தார்கள். 1854-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வைத்த சிலையில் மெகலோசாரஸ் நான்கு கால்களை ஊன்றி, தோளில் திமிலோடு நிற்கிறது. இன்றும் அந்தச் சிலை அங்கே இருக்கிறது. இரையை நெருங்கி, வாயால் கவ்விப் பிய்க்கும் மந்தமான முதலை போன்ற விலங்கு என்பதுதான் அந்தத் தலைமுறை கண்ட வேட்டைக்காரன்.

பல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் கடைசிவரை பொய் சொல்லாத சாட்சி அதுதான். ஊனுண்ணி டைனோசாரின் பல் பக்கவாட்டில் தட்டையாகவும் பின்னோக்கி வளைந்தும் இருக்கும். அதன் முன், பின் விளிம்புகளில் விரல் வைத்தால் நெருடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வரிசையாக நுண்ணிய அரம்புகள் தெரியும். ஒவ்வொரு அரம்பின் அடியிலும் பல்லுக்குள்ளே ஒரு மடிப்பு இறங்குகிறது. அரம்பு சீக்கிரம் உடையாமல் தாங்கிக்கொள்வது அந்த மடிப்பு என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட பல் அழுத்தினால் மட்டும் அறுக்காது. மீன் கடையில் அரிவாள்மனையில் உட்கார்ந்திருக்கும் அம்மா வஞ்சிரத்தை விளிம்பில் வைத்து முன்னும் பின்னும் இழுப்பார், கவனித்திருப்பீர்கள். அழுத்தமும் இழுப்பும் சேர்ந்தால்தான் சதை பிளக்கும். கடித்துப் பிடித்துத் தலையைப் பின்னுக்கு இழுப்பதுதான் இந்தப் பல்லின் வேலை. பல்லில் பதிந்த தேய்மானக் கீறல்களும் அதையே காட்டுகின்றன.

ஆனால் பல் மட்டும் போதாது என்று 19-ஆம் நூற்றாண்டு நினைத்தது. 1866-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உரமண் தோண்டிய குழியில் ஓர் ஊனுண்ணியின் எலும்புகள் கிடைத்தன. எட்வர்ட் டிரிங்கர் கோப் அதற்கு லேலாப்ஸ் என்று பெயர் வைத்தார். முன்னங்கால் குட்டை, பின்னங்கால் நீளம். ஆகவே கங்காரு போலத் தாவிக் குதித்து, கழுகின் நகம் போன்ற நகங்களால் இரையைக் கிழித்துக் கொன்றிருக்கும் என்பது அவருடைய முடிவு. கோப் சொல்லச் சொல்ல, சார்ல்ஸ் நைட் 1897-ல் தீட்டிய ஓவியத்தில் ஒரு லேலாப்ஸ் மல்லாந்து கிடக்க, இன்னொன்று நான்கு கால்களும் தரையில் படாமல் அதன்மேல் பாய்கிறது. டைனோசாருக்கு இவ்வளவு வேகத்தை அந்தக் காலத்தில் வேறு எந்த ஓவியரும் கொடுக்கவில்லை. அந்த ஓவியத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் குதித்துக் கொல்வதற்கு எலும்பில் ஆதாரம் இல்லை. அந்தப் பெரிய நகமும் காலுடையது அல்ல, கையுடையது என்று பின்னால் தெரிந்தது. லேலாப்ஸ் என்ற பெயரை ஏற்கெனவே ஓர் உண்ணிப்பூச்சிக்கு வைத்திருந்ததால் 1877-ல் அதுவும் டிரிப்டோசாரஸ் என்று மாறியது.

அடுத்த தலைமுறை நேர் எதிர்த் திசையில் போனது. டைனோசார் என்றால் குளிர்ந்த ரத்தம், சோம்பல், சதுப்பில் புரளும் உடம்பு என்ற எண்ணம் வேரூன்றிய காலம் அது. கனடாவின் லாரன்ஸ் லேம்ப், கோர்கோசாரஸ் என்ற டைரனோசார் வகையை ஆராய்ந்து 1917-ல் எழுதிய நூலில், அது வேட்டையே ஆடவில்லை, செத்ததைத் தின்று வாழ்ந்தது என்றார். பற்கள் தேயாமல் இருந்தன என்பது அவர் காட்டிய காரணம். இந்த விலங்குகளுக்கு வாழ்நாள் முழுவதும் பழைய பல் விழுந்து புதுப் பல் முளைத்துக்கொண்டே இருந்தது. புதுப் பல்லில் தேய்மானம் எப்படி இருக்கும்? இதே பிண உண்ணிக் கருத்தை 1990-களில் ஜாக் ஹார்னர் டைரனோசாரஸ் ரெக்ஸுக்காக மறுபடி எழுப்பினார். குட்டைக் கை, நல்ல மோப்பம் என்று புதுக் காரணங்கள் காட்டினார். அதற்குத் திட்டமான பதில் 2013-ல் தெற்கு டகோட்டாவிலிருந்து வந்தது. தாவரம் தின்னும் ஒரு டைனோசாரின் வால் முள்ளெலும்புகளுக்கு இடையே டைரனோசாரஸ் பல்லின் முனை சிக்கியிருந்தது. அதைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து மூடியிருந்தது. செத்த உடம்பில் எலும்பு வளராது. துரத்திக் கடித்திருக்கிறது, இரை தப்பிப் பிழைத்திருக்கிறது, காயம் ஆறியிருக்கிறது.

லேம்ப் எழுதிய அதே காலத்தில் இந்தியாவில் என்ன நடந்தது? கொல்லும் முறையைப் பற்றிய வாதத்துக்குள் நாம் போகவே முடியவில்லை. கொன்றது எது, செத்தது எது என்பதிலேயே குழப்பம்.

ஜபல்பூரின் படா சிம்லா குன்றில் 1917 முதல் 1919 வரை தோண்டிய சார்ல்ஸ் ஆல்ஃபிரட் மேட்லி, தாம் எடுத்த இடுப்பு, கால் எலும்புகளையும் தோலில் பதிந்திருந்த எலும்புத் தகடுகளையும் ஒன்றாகச் சேர்த்து, 1923-ல் லமேட்டாசாரஸ் என்று பெயரிட்டார். கவசம் பூண்டு தன்னைக் காத்துக்கொண்ட தாவர உண்ணி என்பது அவர் எழுதிய விளக்கம். உண்மையில் தகடுகள் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியுடையவை. இடுப்பும் காலும் ஊனுண்ணியுடையவை. இரண்டும் ஒரே இடத்தில் கலந்து கிடந்திருக்கின்றன. அடித்துத் தின்னும் விலங்கின் கால்களுக்கு அடிபடும் விலங்கின் கவசத்தை மாட்டிவிட்டார்கள். அதே குன்றின் எலும்புகளிலிருந்து 1933-ல் ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் வான் ஹ்யூனாவும் மேட்லியும் இந்தோசூகஸ், இந்தோசாரஸ் என்ற இரண்டு பெரிய ஊனுண்ணிகளுக்குப் பெயர் வைத்தார்கள். பின்வந்தவர்கள் இந்தோசூகஸை டைரனோசாரஸின் குடும்பத்தில் சேர்த்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தெரிந்த உருவங்களுக்குள்ளேயே நம் விலங்கையும் அடக்கிப் பார்த்த காலம் அது. அர்ஜென்டினாவில் கிடைத்த ஏபெலிசாரஸை 1985-ல் விவரித்த பிறகுதான், தென்கண்டங்களுக்கென்று வேறொரு வேட்டைக்காரக் குடும்பம் இருந்தது தெரிந்தது. நம்முடையவை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

ஜபல்பூரில் நேர்ந்ததற்கு நேர் எதிரானது கல்லமேட்டில் நேர்ந்தது. 1980-களில் பி. யாதகிரி, கே. அய்யாசாமி என்ற இரு புவியியல் ஆய்வுத் துறை அறிஞர்கள் அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை விவரித்தார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, வாலெலும்பு, இவற்றோடு முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்று. அந்த ஓர் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர். புருகத்காயோசாரஸ் மேட்லியை என்று மேட்லியின் நினைவாகப் பெயரிட்டு, அதை ஊனுண்ணிகளின் வரிசையில் வைத்தார்கள்.

இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். டைரனோசாரஸ் ரெக்ஸின் அதே எலும்பு ஏறக்குறைய 1.2 மீட்டருக்குள் அடங்கிவிடும். கல்லமேட்டு விலங்கு ஊனுண்ணியாக இருந்திருந்தால் உலகம் கண்ட எந்த வேட்டை விலங்கையும் விடப் பன்மடங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும். அவ்வளவு எடையை இரண்டே கால்களில் தாங்கி, எதைத் துரத்தும், எப்படித் திரும்பும், நாளொன்றுக்கு எவ்வளவு தின்னும்? வேட்டை முறை என்ற கேள்வியைக் கேட்டுப் பார்த்தாலே வகைப்பாடு ஆட்டம் கண்டுவிடுகிறது. 1990-களிலிருந்து ஆய்வாளர்கள் அதை நீண்ட கழுத்துத் தாவர உண்ணியாகவே எடுத்துக்கொண்டார்கள். உலகின் மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்று என்ற பேச்சு அதற்குப் பிறகு எழுந்தது.

எலும்பைக் காட்டிச் சொல்ல முடியவில்லை என்பதுதான் கொடுமை. எலும்புகள் மிகவும் நொய்ந்த நிலையில் இருந்தன. மழைக்கும் ஈரத்துக்கும் தாங்காமல் நொறுங்கிப்போயின. இன்று ஒன்றுகூட இல்லை. எலும்பே அல்ல, கல்லான மரமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 2022-ல் சௌரப் பாலும் அதே அய்யாசாமியும் தோண்டிய காலத்துப் புகைப்படங்களை வெளியிட்டார்கள். மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் அந்த எலும்பின் படத்தைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது. தமிழ்நாடு பார்த்த மிகப் பெரிய உயிருக்கு அந்தப் படங்கள்தான் மிச்சம்.

நம் ஊரில் இந்த எலும்புகள் ஆராயப்பட்ட அதே ஆண்டுகளில், உலகம் முழுக்க இன்னொரு கொலைக் கதை கொடிகட்டிப் பறந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஆஸ்ட்ரம் 1969-ல் டைனோனிகஸ் என்ற சிறிய ஊனுண்ணியை விவரித்தார். எழுபது, எண்பது கிலோ எடை; ஒவ்வொரு காலிலும் இரண்டாம் விரலில் அரிவாள் போன்ற பெரிய நகம். மான்டானாவில் அதன் எலும்புகள் டெனான்டோசாரஸ் என்ற பெரிய தாவர உண்ணியின் எலும்புகளோடு சேர்ந்து கிடந்தன. கூட்டமாகப் பாய்ந்து, கால் நகத்தால் வயிற்றைக் கிழித்துக் குடலைச் சரித்துக் கொன்றிருக்கும் என்ற சித்திரம் அதிலிருந்து உருவானது. டைனோசார் மந்தமான பிராணி என்ற எண்ணத்தை உடைத்தெறிந்தவர் ஆஸ்ட்ரம். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் எடுக்க முடியாது. குடல் சரிக்கும் கதை ஹாலிவுட்டுக்குப் போய், அங்கிருந்து நம் வீட்டுப் பிள்ளைகள் வரைக்கும் வந்து சேர்ந்தது.

மான்செஸ்டரில் ஃபில் மேனிங் குழுவினர் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அந்தக் காலின் அளவில் ஓர் இயந்திரக் காலைச் செய்து, நகத்தைப் பொருத்தி, பன்றியின் உடலில் ஓங்கி அடிக்கவைத்தார்கள். முடிவு 2006-ல் வெளிவந்தது. நகம் உள்ளே இறங்கித் துளை போட்டது, கிழிக்கவில்லை. அதன் உட்புறம் கத்தி போல் கூர்மையானதல்ல, உருண்டது. இழுத்தபோது தோலும் சதையும் முன்னால் சுருண்டு நகத்தைத் தடுத்துவிட்டன. பிடித்துத் தொங்க, ஏற உதவும் கொக்கி அது என்றார்கள். 2011-ல் டென்வர் ஃபௌலரும் உடன் ஆய்ந்தவர்களும் கழுகு, பருந்துகளின் கால்களோடு ஒப்பிட்டு இன்னும் தெளிவாக்கினார்கள். தன்னைவிடச் சிறிய இரையை உடல் எடையால் தரையோடு அமுக்கி, நகத்தால் நகரவிடாமல் பிடித்து, உயிரோடு இருக்கும்போதே தின்னத் தொடங்குவது அந்த முறை. சமநிலைக்காகக் கைகளை அடித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்குப் பலரும் ஏற்பது இதைத்தான். கூட்ட வேட்டைக்கு ஆதாரம் போதாது என்ற கட்டுரைகளும் தொடர்ந்து வந்தன. ஒரே பிணத்துக்குப் பல விலங்குகள் தனித்தனியாக வந்து சண்டையிட்டுச் செத்திருக்கலாம்.

இந்த ஆராய்ச்சிகள் வருவதற்கு முன்பே ஒரு சாட்சி கிடைத்திருந்தது. 1971-ல் கோபி பாலைவனத்தில் போலந்து, மங்கோலியக் குழுவினர் எடுத்த இரு எலும்புக்கூடுகள் சண்டையிட்டபடியே புதைந்தவை. வெலோசிராப்டரின் கால் நகம் புரோட்டோசெராடாப்ஸின் கழுத்துப் பக்கம் நீண்டிருக்கிறது. அதன் வலக்கையை இரை தன் அலகால் கவ்வியிருக்கிறது. கண்ணெதிரே கிடந்த இந்தச் சான்றை வைத்துக்கொண்டும் வயிற்றைக் கிழிக்கும் கதையையே உலகம் பல ஆண்டு சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது நம் நாட்டு ஊனுண்ணிகளுக்கு வருவோம். குஜராத்தில் ரஹியோலி என்ற ஊரில் 1980-களின் தொடக்கத்தில் சுரேஷ் ஸ்ரீவாஸ்தவா முதலானோர் எடுத்த எலும்புகளுக்கு 2003-ல் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் என்று பெயர் வந்தது. குட்டையும் உயரமுமான மண்டையோடு, நெற்றியில் சிறு கொம்பு, தடித்த கழுத்து. இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய முழுமையாக எலும்புகள் கிடைத்தவற்றில் ஒன்று மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ். அந்தத் தீவு இந்தியாவோடு ஒட்டியிருந்து சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. மஜுங்காசாரஸின் மண்டையோட்டை 2007-ல் ஆராய்ந்தவர்கள், ஒருமுறை கவ்வினால் விடாமல் பிடித்துக்கொண்டு இரை ஓயும்வரை காத்திருக்கும் வேட்டை இது என்றார்கள். டைரனோசாரஸ் போல எலும்பை நொறுக்கும் கடியும் இல்லை, டைனோனிகஸ் போல நகமும் இல்லை. ராஜாசாரஸும் அப்படித்தான் கொன்றிருக்கும் என்பது என் நம்பிக்கை. நேரடியாக நிறுவ அதன் பல் பதிந்த எலும்பு வேண்டும்.

இந்தியாவில் டைனோசார் வேட்டையாடப்பட்டதற்கு மிகத் தெளிவான சாட்சி ஒன்று உண்டு. வேட்டையாடியது டைனோசார் அல்ல. குஜராத்தின் தோலி டுங்ரி என்ற ஊரில் 1984-ல் தனஞ்செய் மொகபே ஒரு பாறைப் பலகையை எடுத்தார். முட்டைகளும் குஞ்சின் எலும்புகளும் அதில் இருந்தன. டைனோசார் குஞ்சு ஒன்றின் எலும்புக்கூடு என்றே 1987-ல் எழுதினார். 2001-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி வில்சன் அந்தப் பலகையைப் பார்த்தபோது, சில முள்ளெலும்புகளின் பொருத்து டைனோசாருடையது போல இல்லை, பாம்புடையது என்று கண்டார். பிறகு பாறையைப் பக்குவமாகச் சுரண்டி எடுத்தார்கள். நொறுங்கிய ஒரு முட்டையைச் சுற்றிச் சுருண்ட பாம்பு. அதன் சுருளின் மேல் தலை. பக்கத்தில் அரை மீட்டர் நீளமுள்ள குஞ்சு. பாம்பின் நீளம் 3.5 மீட்டர். 2010-ல் அதற்குச் சனாஜே இண்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். மலைப்பாம்பு போல வாயை அகலத் திறக்க அதற்கு முடியாது. முழு முட்டையை விழுங்கியிருக்காது. முட்டை உடைந்து குஞ்சு வெளியே வரும் நேரத்துக்காகக் காத்திருந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் மண் சரிந்து எல்லாவற்றையும் மூடியது. ஒரே பலகையை அவ்வளவு ஆண்டு பார்த்தும் வேட்டையாடிய விலங்கு கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

கல்லமேட்டிலும் வேட்டைக்காரர்கள் இருந்தார்கள் என்பதற்கு இன்றைக்கு நம்மிடம் இருப்பது பற்கள்தான். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினர் அந்த மண்ணைச் சலித்துச் சலித்து எடுத்தவை அவை. ராஜாசாரஸின் குடும்பத்துப் பற்கள் அதில் இருந்தன. 2013-ல் சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு பல்லை ட்ரூடோன்டிட் என்ற குடும்பத்துடையது என்று அறிவித்தார்கள். அதுவரை வடகண்டங்களில் மட்டுமே தெரிந்த குடும்பம் அது. எல்லாரும் அதை ஒப்பவில்லை, வாதம் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு மீட்டர் எலும்பு போய்விட்டது, அரிசியளவுப் பல் நின்றது.

அரியலூர், பெரம்பலூர் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 2020-ல் குன்னத்தில் உருண்டைக் கற்களைப் பார்த்து டைனோசார் முட்டை என்று ஊரே கூடியது. வல்லுநர்கள் வந்து இல்லை என்றார்கள். அதனால் மனம் தளர வேண்டாம். கிணறு வெட்டும்போதோ, ஓடை அரித்த கரையிலோ, சுரங்கத்திலோ எலும்பு போலவோ பல் போலவோ ஒன்று தென்பட்டால் பிடுங்காதீர்கள், உடைக்காதீர்கள். கிடந்த நிலையிலேயே அளவுக்கு ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ இந்திய புவியியல் ஆய்வுத் துறைக்கோ சொல்லுங்கள். மழைக்கு முன் சொல்லுங்கள்.